ஈசிஜி அறையில் கொட்டிய மல்லாட்டை

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் ஒளிவட்டத்தைப் போட்டோ எடுத்தார்கள். உடம்பைச் சுற்றி ஒரு சக்தி வளையம் இருக்கிறதாம். அதில் எங்கே பழுது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும், உடம்பும் மனசும் சேர்ந்து குணமாகிவிடுமாம். முழு ஆரோக்கிய முகாம் என்று வாசலில் பெரிய பேனர் வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பொழுது போகவில்லை. பிரியா கூப்பிட்டாள், போனேன். பிரியா யாரென்றால், திண்டிவனம் ஆஸ்பத்திரியில் நான் விட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஈசிஜி டெக்னீஷியன்.

ஒரு தகட்டின் மேல் கையை வைக்கச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் திரையில் என் தலையைச் சுற்றி ஊதாவும் பச்சையுமாகப் புகை கிளம்பியது. வெள்ளை ஜிப்பா போட்ட தம்பி திரையைப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க ஃபீல்டு சூப்பரா இருக்கு. இந்த வயசுல இவ்ளோ ஊதா நான் பாத்ததே இல்ல" என்றார். வருகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்வார் என்று தெரியும். இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் ஒரு நாளாவது இப்படி ஏதாவது சொல்லியிருப்பாரா?

வெளியே வந்ததும் பிரியா கேட்டாள்: "மேடம், நெஜமாவே உடம்புல அப்படி ஒரு எனர்ஜி இருக்கா?"

"இல்லாமயா? அத வெச்சிதான்டி இத்தன வருசம் சோறு தின்னேன்."

"அப்போ உள்ள காட்டுனது?"

"அது கலரு. நம்மளுது கோடு. நீ டெய்லி பிடிக்கிறியே, அதுதான் உடம்போட கரண்டு. அதுகூடத் தெரியாமயா மிஷின் முன்னாடி உக்காந்துக்கினு இருக்கே?"

அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்கு வாய் நீளம். வேலையில் இருந்த காலத்திலேயே அந்தப் பெயர் உண்டு. சமாதானம் செய்யப் பேருந்து நிலையத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்து, அங்கே நோயாளியாக வந்த வளர்மதியின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "மேடம், இத எழுதி வெய்ங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் ஊர் கண்டமங்கலத்துக்குப் பக்கம். பெயர் ஜெயந்தி. நிலத்தில் கை வைத்து வளர்ந்தவள். பள்ளிப் படிப்புக்குப் பிறகு ஒரு பயிற்சி, கொஞ்ச நாள் விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பிறகு திண்டிவனத்தில் வேலை. பயிற்சியில் கம்பி மாட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மனுஷரைக் கையாள அங்கே வந்த டாக்டரம்மா மரகதம்தான் கற்றுக்கொடுத்தார்.

அதற்கு முன் அந்தக் கோடு என்ன என்று சொல்லிவிடுகிறேன். இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்கிறது. அது தோல் வரைக்கும் எட்டுகிறது. கையிலும் காலிலும் கிளிப், மார்பில் வரிசையாக ஆறு ரப்பர் குமிழ். அந்த மின்சாரத்தை வாங்கி, கட்டம் போட்ட தாளில் மிஷின் கோடாக வரைகிறது. மிஷின் உடம்புக்குள் எதையும் அனுப்பாது. உடம்பு தருவதை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இதை நம் ஜனங்களிடம் சொல்லிப் புரிய வைப்பதற்குள் பேஜாராகிவிடும். எங்கள் அறைக்கு 'கரண்டு வெக்கிற ரூம்' என்று பெயர். எனக்குக் கரண்ட்டம்மா என்று பெயர். கம்பியைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். அந்த நடுக்கம் கோட்டில் வந்துவிடும். கோடு முழுக்கப் புல் முளைத்தாற்போல் இருக்கும். அதை வைத்து ஒன்றும் படிக்க முடியாது.

டாக்டர் மரகதம் வந்த புதிதில் அப்படி ஒரு தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். திட்டவில்லை. அவர் யாரையும் திட்ட மாட்டார், அதுதான் பயம். தாளை வெளிச்சத்தில் பிடித்து விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஜெயந்தி, இது அவங்க இதயம் இல்ல. அவங்க பயம். பயத்த எறக்கி வெச்சுட்டு எடுத்துட்டு வாங்க" என்றார்.

எப்படி இறக்குவது என்று அவரே வந்து காட்டினார். முதலில் ஜெல்லை நம் உள்ளங்கையில் தேய்த்துச் சூடு பண்ண வேண்டும். சில்லென்று நெஞ்சில் வைத்தால் ஆள் துள்ளிவிடும். பெண்கள் என்றால் துணியால் மூடிக்கொண்டே கம்பி மாட்ட வேண்டும். தாலியைக் கழற்றச் சொல்லக் கூடாது. கொஞ்சம் ஒதுக்கினால் போதும். பிறகு அவர்கள் மணிக்கட்டை ஒரு நிமிடம் சும்மா பிடித்துக்கொண்டு, காலையில் என்ன குழம்பு வைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே யாரும் நடுங்க முடியாது. மூச்சு கீழே இறங்கும், தோள் தளரும், கோடு சுத்தமாகிவிடும். பக்கத்தில் ஒரு உடம்பு நிதானமாக இருந்தால் இந்த உடம்பும் நிதானத்துக்கு வருகிறது. இதை நான் எத்தனையோ தடவை தாளில் பார்த்திருக்கிறேன். ஜிப்பா தம்பி இதைத்தான் வளையம் என்கிறாரென்றால் எனக்கு அவரோடு சண்டையே இல்லை.

டாக்டரம்மாவின் கட்டளை இன்னொன்றும் உண்டு. கோடு சரியாக இருந்தால் "ஒண்ணுமில்ல" என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. "இப்ப எடுத்ததுல ஒண்ணும் தெரியல" என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அது வெட்டிப் பேச்சாகப் பட்டது. ரெண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். அப்படியில்லை என்பதை வளர்மதி வந்த அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

ஒரு காலை வேளை, புறநோயாளிகள் கூட்டம். பிரம்மதேசம் பக்கத்திலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். மருமகள் வளர்மதிக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. கழுத்தெலும்பு தெரிகிற ஒல்லி உடம்பு, கண்ணைத் தூக்கிப் பார்க்காத பெண். மாமியார் பேர் அஞ்சலை, நல்ல கட்டுமஸ்தான உடம்பு. ஒரு கையில் வளர்மதியின் துணிமணி வைத்த பை, இன்னொரு கையில் மஞ்சள் பை நிறைய மல்லாட்டை.

வளர்மதிக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், கண் இருட்டும், கீழே சாய்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் போய்ச் சேருவதற்குள் எல்லாம் நின்றிருக்கும். எங்கே ஈசிஜி எடுத்தாலும் சரியாகத்தான் இருக்கும். அஞ்சலையம்மா ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்தத் தாள்களை எடுத்து மேசை மேல் போட்டார்.

"பாருங்க மேடம். எல்லாம் நார்மலுன்ட்டாங்க. ஒன்னுமில்ல, ஒன்னுமில்லன்னு எல்லா ஆஸ்பத்திரிலயும் இதான் சொல்றாங்க. விழுப்புரத்துல கையால தொடாமலே வைத்தியம் பாக்குறவரு ஒருத்தரு, நெஞ்சாண்ட சக்தி வளையத்துல ஓட்டைன்னாரு. அதயும் அடச்சிப் பாத்தாச்சி. ஒன்னியும் கேக்கல. இன்னைக்கி உங்களாண்ட ஒரு தபா காட்டிட்டு, அப்டியே பஸ் ஏறி திருவெண்ணெய்நல்லூர்ல இவ அம்மா ஊட்ல வுட்டுட்டு வரப் போறேன். எம் புள்ளையால இவளோட மாரடிக்க முடியாது."

வளர்மதி அப்போதும் நிமிரவில்லை. "நடிக்கலங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள். அதுவும் அவள் வாயிலிருந்து வருகிறதா என்று உற்றுக் கேட்க வேண்டியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, அந்த மல்லாட்டைப் பை என் கண்ணை உறுத்தியது. மருமகளைத் துரத்திவிடப் போகிற இடத்துக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது, சம்பந்தி வீட்டுக்கு முதல் மகசூல் கொண்டுபோக வேண்டும். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. பெண்ணைத் திருப்பிக் கொடுப்பார்கள், கூடவே மல்லாட்டையும் கொடுப்பார்கள்.

படுக்கவைத்து, குழம்பு கேட்டு, ஈசிஜி எடுத்தேன். அழகான கோடு. குறையே இல்லை. தாளைக் கிழிக்கும்போது என் கையே கூசியது. இன்னொரு 'நார்மல்' கொடுத்தால் இந்தப் பெண் இன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். வந்தார். எப்போதும்போல் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். தலைமாட்டில் நின்று குனிந்து பேசினால் படுத்திருப்பவர் மிரளுவார் என்பது அவர் கணக்கு. தாளைப் பார்க்கவில்லை. வளர்மதியைப் பார்த்து, "வரும்போது என்னம்மா பண்ணிக்கிட்டு இருப்பே?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "இன்னா பண்ணுவா? வேலதான். படுத்தா வராது, உக்காந்து டிவி பாத்தா வராது. வேலைக்கின்னு குனிஞ்சா மட்டும் வந்துடும் மகராசிக்கி! பெருக்கக் குனிஞ்சா வரும். மல்லாட்டை பொறுக்கக் குனிஞ்சா வரும். நல்லா இருக்குதே ஞாயம்!"

டாக்டரம்மா தாளை அப்படியே கீழே வைத்தார். "அம்மா, இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

அஞ்சலையம்மாவுக்குக் குஷி வந்துவிட்டது. தன் பக்கம் ஒரு டாக்டர் சேர்ந்துவிட்டார் என்று நினைத்து இன்னும் விரிவாகச் சொன்னார். டாக்டரம்மா ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஜெயந்தி, குனிஞ்சா வர்றது ஒண்ணு இருக்கு. வந்தா இங்கேயே வரட்டும். ரெடி பண்ணுங்க."

வளர்மதியிடம் எல்லாம் விளக்கமாகச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். தலையாட்டினாள். ஊசி மருந்து, ஆக்ஸிஜன், அவசரத்துக்கான எல்லாம் தள்ளுவண்டியில் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. நான் கை கால் கிளிப்புகளைக் கழற்றாமல் விட்டேன். கம்பி தரை வரைக்கும் எட்டும். மார்பில் குமிழ் வைக்கிற இடங்களைப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டேன். வந்த அடுத்த நொடி கோடு ஓட வேண்டும். அது நின்றுபோவதற்குள் பிடித்தாக வேண்டும்.

வளர்மதி குனிந்தாள், நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். பள்ளிக்கூடத்தில் டிரில் செய்கிற மாதிரி செய்துகொண்டேயிருந்தாள். ஒன்றும் வரவில்லை. மாமியார் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"பாத்தீங்களா? பஸ்ஸுக்கு நேரமாவுது மேடம்."

எனக்குப் பொறுக்கவில்லை. நானும் மல்லாட்டை போட்ட நிலத்தில், எங்கள் கொல்லையில், குனிந்தவள். பொறுக்குகிறவள் இப்படியா குனிவாள்? குனிந்தால் குனிந்தபடியே போவாள். எட்டி எடுப்பாள், பக்கவாட்டில் திரும்புவாள், மடி நிறைந்ததும் ஒரேயடியாக நிமிர்வாள். அஞ்சலையம்மாவின் காலடியில் இருந்த மஞ்சள் பையை எடுத்தேன். அப்படியே தரையில் கவிழ்த்தேன். மல்லாட்டை கட்டிலுக்கு அடியில், தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு அடியில், டாக்டரம்மா செருப்பு வரைக்கும் உருண்டு ஓடியது.

"ஐயையோ! சம்பந்திக்கி எடுத்தாந்ததுங்க!" என்று அஞ்சலையம்மா கத்தினார்.

"கொல்லைல பொறுக்குற மாரி பொறுக்கும்மா வளர்மதி. ஜல்தி!" என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், சிரித்துக்கொண்டு, "பொறுக்கும்மா" என்றார்.

அவள் சேலையை இழுத்துச் செருகி மடி கட்டினாள். நாலு கம்பியும் பின்னாலேயே இழுபடக் குனிந்து பொறுக்கினாள். இப்போது அவள் உடம்புக்குத் தெரிந்த வேலை. கை தானாகவே போனது. கட்டிலுக்கு அடியில் எட்டி எடுத்தாள், தள்ளுவண்டிப் பக்கம் திரும்பினாள், மடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். கை நெஞ்சுக்குப் போனது.

"மேடம், வந்துடுச்சி."

மடியிலிருந்த மல்லாட்டை மறுபடி தரையில் கொட்டியது. பிடித்துப் படுக்கவைத்தேன். பட்டனை அழுத்தினேன். தாள் ஓடியது.

அந்தக் கோட்டை இன்றைக்கும் என்னால் வரைய முடியும். இடைவெளியே இல்லாமல் நெருக்கி நெருக்கி, தையல் மிஷின் அடித்த தையல் மாதிரி வந்துகொண்டேயிருந்தது. புள்ளி பார்த்துக் குமிழ்களை வைத்தேன். என் கை நடுங்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

"கெடச்சிடுச்சி மேடம்!" என்று நான் கத்தியது வெளியே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

டாக்டரம்மா ஊசியைத் தொடவில்லை. முதலில் காலி சிரிஞ்சு ஒன்றை எடுத்து வளர்மதி கையில் கொடுத்தார். தலைமாட்டை உயர்த்தி உட்காரவைத்தார். "இதோட முனைய வாயில வெச்சு, உள்ள இருக்கற தண்டு நகர்ற அளவுக்கு ஊதும்மா. மூச்ச விடாம ஊது. ஊது, ஊது." வளர்மதி ஊதினாள். கழுத்து நரம்பு புடைத்தது. டாக்டரம்மா சொன்னதும் சட்டென்று அவளை மல்லாக்கச் சாய்த்து, ரெண்டு காலையும் மேலே தூக்கிப் பிடித்தேன்.

தாளில் தையல் ஓடிக்கொண்டேயிருந்தது. திடீரென்று நின்றது. கோடு நேராகப் போனது. அஞ்சலையம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க, வந்துடும்" என்றார் டாக்டரம்மா.

வந்தது. ஒரு துடிப்பு. பிறகு ஒன்று. பிறகு வரிசையாக, நிதானமாக, முதலில் நான் எடுத்த அதே அழகான கோடு. ஒரே தாளில் முதலில் அந்தப் புயல், நடுவில் அந்த மௌனம், கடைசியில் அந்த நிதானம். ஒரு பொட்டு மருந்து உள்ளே போகவில்லை. அவள் மூச்சே அவள் மின்சாரத்தை அடக்கியது. என் வேலைக் காலத்தில் இதைவிடப் பெரிய வெற்றியை நான் பார்த்ததில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, வெட்கப்படவில்லை.

"போயிடுச்சி மேடம்" என்றாள் வளர்மதி. அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

டாக்டரம்மா தாளைக் கிழித்து அஞ்சலையம்மாவிடம் காட்டினார். இதயத்தில் மின்சாரம் போக ஒரு வழி இருக்கிறது, இந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே பக்கத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது, சில நேரம் மின்சாரம் நேராகப் போகாமல் அந்த ரெண்டுக்கும் நடுவில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது என்று பொறுமையாக விளக்கினார். அஞ்சலையம்மா தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார்.

"வரப்புல எலி வளை வெச்சா தண்ணி கழனிக்கிப் போவாம அங்கயே சுத்திக்கினு நிக்குமே, அது மாரிங்களா?"

"அதேதாங்க."

"வளைய அடச்சிட்டா?"

"நேரா போயிடும். சென்னைல செய்வாங்க. தொடை வழியா மெல்லிசா ஒரு கம்பி விட்டு அந்த வழிய மட்டும் அடைச்சிடுவாங்க. நானே எழுதித் தர்றேன்."

எழுதித் தந்தார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதை அடைத்தும் விட்டார்கள். வளர்மதிக்கு அதற்கப்புறம் அது வரவேயில்லை. இப்போது அவள் ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மா, கொல்லையில் குனிந்தால் நிமிராமல் வேலை செய்கிறவள். ஆனால் பிரியாவிடம் டீக்கடையில் சொல்லும்போது நான் டீ கிளாஸைக் கீழே வைத்தது அந்த இடத்தில் இல்லை. அதற்கு முன்னால், எங்கள் அறையிலேயே நடந்தது ஒன்று.

டாக்டரம்மா பேசி முடித்ததும் வளர்மதி கட்டிலிலிருந்து இறங்கினாள். தரையெல்லாம் மல்லாட்டை. பழக்கம் விடுமா? எடுக்கக் குனியப் போனாள்.

"குனியாத!"

அஞ்சலையம்மா போட்ட சத்தத்தில் நானே திடுக்கிட்டேன். அவர் மருமகளின் தோளைப் பிடித்து மறுபடி கட்டிலில் உட்காரவைத்தார். மேசை மேல் கிடந்த நார்மல் தாள்களை அப்படியே விட்டுவிட்டு, புதுத் தாளை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அந்தக் கட்டுமஸ்தான உடம்பைக் கஷ்டப்பட்டு மடக்கி, முழங்காலைத் தரையில் ஊன்றி, ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக் கையைத் துழாவும்போதுதான் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். டாக்டரம்மா தன் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தவற்றை எடுத்துப் பையில் போட்டுவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

பை நிறைந்தது. அஞ்சலையம்மா எழுந்து, துணிப் பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டார். மல்லாட்டைப் பையை இன்னொரு கையில் எடுத்தார். வளர்மதி வாங்கிக்கொள்ள நீட்டிய கையைத் தட்டிவிட்டார்.

"அத்த, பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சின்னு சொன்னீங்களே" என்றாள் வளர்மதி. குரலில் இன்னும் பயம் இருந்தது.

"எந்த பஸ்ஸு? அந்த பஸ்ஸு போனா போவுது" என்றார் அஞ்சலையம்மா. "வா, நம்ம ஊட்டுக்குப் போவலாம்."